மூன்றாவது அறையிலிருந்து வந்த இருமல்

என் இடுப்பில் இருந்தபடி ஊரைப் பார்த்து வளர்ந்த தம்பி மாரியப்பனுக்கு,

நீ போய் ஒரு வருசம் திரும்பிவிட்டது. உன் தெவசத்துக்கு வந்தவர்கள் இலையை மடித்துவிட்டுப் போன பிறகும், உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி எனக்குள்ளேயே கிடந்தது. ஐயர் மந்திரம் சொல்லும்போது இடையில் புகுந்து சொல்லக்கூடிய செய்தியா அது? அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்துதான். பட்டாளத்தில் இருந்தபோது இதைத்தானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாய்? இதையும் படி.

செய்தி உன் காரைப் பற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுத் தகரக் கொட்டகையில் நீ விட்டுப்போன நீலக் கார். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, மலைப்பாதைப் பந்தயத்துக்கென்று நீயே பிரித்து நீயே பூட்டியது. மேலே பழைய உடம்பு, உள்ளே நீ செய்த வேலை. இரண்டு கார்புரேட்டர், முரட்டு ஸ்பிரிங், வால்வை மற்ற வண்டிகளைவிட ஆழமாக இறக்கும் கேம் தண்டு. இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

உன் காரியம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி பார்வதி கொட்டகைக்குள் போனாள். பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், சாம்பிராணி போட்டாள், சாவியைத் திருப்பி வண்டியை எழுப்பினாள். அது உறுமியது. சாம்பிராணிப் புகை அடங்கும் முன்னால் அணைத்துவிட்டாள். கொட்டகை வாசலைத் தாண்டி ஒரு அடிகூட அதை நகர்த்தவில்லை.

அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் இதே பூசைதான். நானும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போய், ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு அவளோடு இருந்துவிட்டு வருவேன். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். உன் செருப்பு, உன் சட்டை, உன் மூக்குக் கண்ணாடி எல்லாம் சும்மாதான் இருந்தன. சத்தம் போட்டது அது ஒன்றுதான். அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆடி கழிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கார் இருமியது.

முதலில் வழக்கமான உறுமல். பிறகு தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல ஒரு தயக்கம். அதன் பிறகு வறண்ட, ஒற்றை இருமல். சற்று நேரம் ஒன்றுமில்லை. நாமாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டோமோ என்று நான் யோசிக்கும்போதே இன்னொன்று வந்தது. உன் இருமல், தம்பி. கடைசி நாட்களில் பேச வாய் திறக்கும் முன்னால் ஒன்று இருமுவாயே, அது. இடைவெளியும் அதே இடைவெளி.

"மதினி, கேட்டீகளா?" என்றாள் பார்வதி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. தூங்குகிற ஆளை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

"கேட்டேன்ட்டி."

"அவியதான்."

வெயில் இன்னும் இறங்காத நேரம். தெருவில் பால்கோவா விற்கிற வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போகிறான். அந்த வெளிச்சத்தில், அந்த மணிச் சத்தத்தில், என் கையில் ரோமம் எழுந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவள் பனங்கற்கண்டு போட்ட பாலை ஒரு டம்ளரில் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தாள். இருமலுக்காம். வண்டியை எழுப்பினாள். அது குலுங்கி, இருமி, குலுங்கியது. டம்ளர் நகர ஆரம்பித்தது. தளும்பவில்லை, சாயவில்லை. ஒரு விரல் அதை மெதுவாக இழுப்பது போல, நீ உட்காரும் பக்கமாக ஊர்ந்து போய் ஓரத்தில் நின்றது. பார்வதி சிரித்தாள். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

என் மகன் குமரேசனை, உன் மருமகனைத்தான், கூட்டிக்கொண்டு போனேன். மில்லில் அவ்வளவு பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன், கொட்டகை வாசலோடு நின்றுவிட்டான்.

"நான் உள்ள வரலம்மா. மாமா உசுரோட இருக்கும்போதே வண்டியத் தொட்டா வெரட்டுவாக. இப்பத் தொட்டா சும்மா விடுவாகளா?"

"ஏலே, மீசைய எதுக்கு வச்சிருக்க?"

"மீச வேற, மாமா வேற" என்றான்.

நாளாக ஆக, பார்வதி அதனோடு பேச ஆரம்பித்தாள். வண்டியை எழுப்பிவிட்டு, "என்னங்க" என்பாள். கார் இருமும். தென்னையில் வண்டு விழுந்ததைச் சொல்வாள், பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்ததைச் சொல்வாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு இருமல். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்திருப்பாள்.

"நீ பேசுற நேரமும் அது இருமுற நேரமும் ஒத்துப்போகுது. அம்புட்டுதான்ட்டி" என்றேன்.

"அப்ப நீங்க ஒரு தடவ கூப்பிட்டுப் பாருங்க மதினி."

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, பதில் வந்துவிட்டால்?

இப்படி இருக்கும்போதுதான் கயல் வந்தாள். குமரேசன் மகள், என் பேத்தி கயல்விழி. உனக்குத் தெரியும், கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு என்ஜின் பூட்டும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாள். எங்கள் தெருவில் ஒருத்தி, பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்பாள். இன்னொருத்தி, பேத்தி அமெரிக்காவில் இருக்கிறாள் என்பாள். "எம் பேத்தி என்ஜின் பூட்டுதா" என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி கேட்க அவர்களுக்குத் தெரியாது. அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விசயத்தை அவளிடம் சொல்லித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப்போனேன். அவள் சிரிக்கவில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க ஆச்சி" என்றாள். பார்வதி எழுப்பினாள். "என்னங்க" என்றாள். இருமல் வந்தது. கயல் சட்டென்று கையை நீட்டிச் சாவியை அணைத்துவிட்டாள்.

"ஆச்சி, இனிமே இத ஸ்டார்ட் பண்ணாதீக. ஒரு தடவகூட."

"ஏன்?"

"உள்ள காத்தையும் பெட்ரோலையும் விடுற வால்வு ஒண்ணு மூட மாட்டேங்கு. கதவு மாதிரி நெனச்சுக்கோங்க. தொறந்து விடணும், பொறவு இறுக்கி மூடணும், அதுக்குப் பொறவுதான் உள்ள தீ. இங்க கதவு தொறந்து கெடக்கும்போதே தீப்பிடிக்குது. அது வந்த வழியே கார்புரேட்டர் வழியா வெளிய வெடிக்குது. அந்தச் சத்தந்தான் இது."

"அவிய இருமுறது எனக்குத் தெரியாதாட்டி?"

கயல் அதற்கு மறுத்துப் பேசவில்லை. வேறு ஒன்று சொன்னாள். "தாத்தா இந்த என்ஜின்ல வால்வ ரொம்ப ஆழமா எறக்கிருக்காரு. வேகத்துக்காக. பிஸ்டன் மேல வரும்போது ரெண்டுக்கும் நடுவுல நூல் அளவுதான் எடம். சிக்குன வால்வு எறங்குன எடத்துலயே நின்னுட்டா பிஸ்டன் வந்து முட்டும். தல ஒடிஞ்சு உள்ள விழுந்தா என்ஜின் நொறுங்கிப் போவும் ஆச்சி. பொறவு இருமவும் செய்யாது. ஒண்ணுமே செய்யாது."

பார்வதி பானெட் மேல் கையை வைத்தாள். "நீ சரி பண்ணுனா இருமுவாகளா?"

"இருமாது. அதுக்குத்தான சரி பண்ணுறது."

"அப்ப வேண்டாம். தொறக்கக் கூடாது."

பார்த்தாயா தம்பி, நீ அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தினாய் என்று? விட்டால் அந்தச் சத்தம் ஒருநாள் நொறுங்கி அடங்கிவிடும். சரி செய்தால் அன்றைக்கே அடங்கிவிடும். இரண்டிலும் அவளுக்கு நீ இல்லை.

"தொறக்கல ஆச்சி. எங்க சிக்கிருக்குன்னு காது வச்சு மட்டும் கேட்டுக்கிடுதேன்" என்று கயல் கெஞ்சினாள். அதற்குச் சம்மதித்தாள்.

ஒரு மத்தியானம் சாமான்களோடு வந்தாள் கயல். உனக்குத் தெரிந்த வேலைதான், ஆனாலும் உன் பேத்தி செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று பார்த்தாள். பிளக்குகளை எல்லாம் கழற்றி, அந்தத் துளைகளில் ஒவ்வொன்றாக ஒரு அழுத்தமானியைச் செருகினாள். என்ஜினுக்குள் இருந்த நான்கு சிலிண்டர் அறைகளில் மூன்றில் முள் எழும்பி நின்றது. மூன்றாவது அறையில் மட்டும் சற்றே அசைந்து விழுந்துவிட்டது. துளை வழியாக அதற்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய்க்கு முள் ஏறுமாம். ஏறவில்லை.

"வால்வேதான்" என்றாள். பிறகு கம்ப்ரசரை ஓடவிட்டு, அந்த அறைக்குள் காற்றை ஏற்ற ஒரு குழாயைப் பூட்டினாள். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று கேட்க வேண்டும். என்னைக் கார்புரேட்டர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைக்கச் சொன்னாள். பார்வதியைப் பின்னால் சைலன்சர் பக்கம் உட்காரவைத்தாள்.

காற்றைத் திறந்தாள். என்ஜினுக்கு முன்னால் இருந்த விசிறி, யாரும் தொடாமல், தானாகத் திரும்பியது. நீ படுக்கையில் தலையை மட்டும் திருப்பி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாயே, அந்த வேகத்தில். திரும்பி நின்றது.

"பயப்படாதீக அப்பத்தா. பிஸ்டன் சரியா உச்சியில நிக்கல, காத்து தள்ளுது" என்று கயல் அதைப் பிடித்து நிறுத்தி, மறுபடி காற்றைத் திறந்தாள்.

என் கன்னத்தில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு. சீராக, நீளமாக, முடிவே இல்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. பழைய வார்னிஷ் வாசனை. உயிருள்ள மூச்சு சுடும் அல்லவா? இது குளிர்ந்தது. உன்னைக் கொண்டுபோன அன்று உன் நெற்றியில் கை வைத்தபோது இருந்த குளிர்ச்சி.

"இங்கதான் வருது" என்றேன்.

பின்னாலிருந்து பார்வதி எழுந்து வந்தாள். என் பக்கத்தில் குனிந்து, "என்னங்க" என்றாள்.

மூச்சு நின்றது.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாய் எங்கும் மடங்கவில்லை. கயல் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல மறுபடியும் அந்தச் சீறல் ஆரம்பித்தது. "சிக்குன வால்வு ஒரு நிமிசம் தானா உக்காந்துருக்கும்" என்றாள். பிறகு வெகுநேரம் காற்றை அடைத்தும் திறந்தும் பார்த்தாள். மறுபடி ஒரு தடவையும் அப்படி ஆகவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். எனக்கும் அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் ஏன் அந்த நிமிசம்? இதை நான் உன்னிடம்தான் கேட்க முடியும், தம்பி. நீயோ பதில் சொல்கிற ஆளில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு பார்வதி அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். டம்ளரும் பனங்கற்கண்டும் பக்கத்தில் இருந்தன. நான் போய் நின்றேன்.

"ஏட்டி, அது நம்ம மாரியப்பந்தான்னு வச்சுக்கிடுவோம். அவந்தான் உள்ள கெடந்து இருமுதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப இந்தத் தடவயாவது வைத்தியம் பாக்க வேண்டாமா? போன தடவதான் ஆஸ்பத்திரிக்கு வா வான்னு நீயும் நானும் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனோம். பட்டறத் தூசிங்கான், பனிங்கான், வரமாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணுனான். கடைசியில நெஞ்ச டாக்டரு பாக்கும்போது ஒண்ணும் மிச்சமில்ல. இப்ப அவன் எந்திரிச்சு ஓட முடியாது. ஒரு பிள்ள வந்து நெஞ்சத் தொறந்து பாக்கேங்கா. நீ குறுக்க நிக்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை, நான்தான் அணைத்தேன். பார்வதி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கயல் கையில் கொடுத்தாள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது என்பதை அந்த அடுப்படியில்தான் தெரிந்துகொண்டேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கயல் மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே எண்ணெய் மினுங்க வரிசையாக நின்ற சாமான்களைப் பார்த்ததும் எனக்கு ஏனோ கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. பார்வதி மூடவில்லை. மூன்றாவது அறையில், வால்வைத் தள்ளும் கம்பி ஒன்று வில் போல வளைந்திருந்தது. என்ஜின் தலையைப் பிரித்து எடுத்து வால்வைக் கழற்றப் பார்த்தால் அது வரவில்லை. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அதன் காம்பு முழுக்கப் பழுப்பாக, பனம்பழச் சாறு காய்ந்தது போல ஒரு பிசின். அதன் தலையில் பிஸ்டன் லேசாக முத்தமிட்ட ஒரு தடம்.

"தாத்தா போட்ட பெட்ரோலு, அவரு படுத்ததுலருந்து டேங்குல கெடந்து கெட்டுப் பிசினாயிருச்சு. வண்டி ஓடுனா சூட்டுல கரைஞ்சு போவும். இங்க சூடாவுறதுக்கு முன்னாடியே அணைச்சிருக்கீக. வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா ஒட்டி ஒட்டிப் புடிச்சுக்கிடுச்சு."

பார்வதி அந்த வால்வை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அப்ப நாந்தான் அவியளுக்கு இருமலக் குடுத்தேனா?"

கயல் அவள் தோளைத் தொட்டாள். "ஆசையில எழுப்புனீக ஆச்சி. எழுப்புன பொறவு ஓட விட்டிருக்கணும், அம்புட்டுதான்" என்றாள்.

ராஜபாளையத்து லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து, வால்வு ஓடுகிற குழலைச் சுத்தம் செய்து வாங்கினாள். புது வால்வும் புதுக் கம்பியும் வந்தன. பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்தாயிற்று. பிறகு, வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி தேய்க்க வேண்டும் என்றாள். சாணைப் பசையைத் தடவி, ரப்பர் வாய் வைத்த ஒரு குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். அரைச் சுற்று அந்தப் பக்கம், அரைச் சுற்று இந்தப் பக்கம். சர், சர் என்று சத்தம்.

பார்வதி கிட்டே வந்தாள். "தள்ளுட்டி. மத்தப் புடிச்சு மோரு கடைஞ்சிருக்கியா நீ?" என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து குச்சியை வாங்கிக்கொண்டாள்.

அவள் கடைந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வேகம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இடையிடையே தூக்கி, சற்றுத் திருப்பி வைத்து, மறுபடி உருட்டினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படிச் செய்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்று நான் காது கொடுக்கவில்லை. அது புருசனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உள்ளது. கடைசியில் துடைத்துப் பார்த்தால், வால்வைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில், எங்கும் அறாமல் ஒரு வளையம். கயல் அதன் மேல் பெட்ரோல் ஊற்றி வைத்துக் காத்திருந்தாள். அடியில் ஒரு பொட்டு ஈரம்கூட வரவில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, ஒவ்வொரு வால்வுக்கும் மெல்லிய தகடு செருகி இடைவெளி பார்த்து முடித்தபோது மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை வந்திருந்தது. சந்தனம், குங்குமம், சாம்பிராணி. பார்வதி சாவியைத் திருப்பினாள்.

கார் எழுந்தது. ஒரு குலுக்கல் இல்லை. சிக்கல் இல்லை. உறுமல் மட்டும்.

"என்னங்க" என்றாள்.

உறுமல்.

"என்னங்க, நாந்தான்."

ஒன்றும் மாறவில்லை. அந்த என்ஜின் எவ்வளவு ஒழுங்காக ஓடியதோ அவ்வளவு பயமாக இருந்தது எனக்கு. நிறைய பேர் இருப்பார்கள் என்று நினைத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தபிறகு அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. பார்வதி என் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டாகளா மதினி?"

நான் என்ன சொல்வேன்? ஆமாம் என்பதா, இல்லை என்பதா? நீயே சொல், எது உண்மை?

அவள் கை சாவியை அணைக்கப் போனது. கயல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அணைக்காதீக ஆச்சி. அந்தப் பக்கம் ஏறுங்க. சூடாவுற வரைக்கும் ஓட்டணும். அப்பத்தாவ வீட்ல விட்டுட்டு வருவோம்."

ஊரைத் தாண்டும்வரை கயல் மெதுவாகத்தான் ஓட்டினாள். நான் பின்னால் இருந்தேன். வலது பக்கம் மலை நிழல் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் பார்வதி, சப்பரத்தில் வைத்த சாமி போல அசையாமல் இருந்தாள். சூடு காட்டும் முள் நடுவில் வந்து நின்றதைக் கயல் பார்த்தாள். கண்மாய்க்கரை ஓரம் சாலை நேராக நீண்டு ஆளில்லாமல் கிடந்தது. "பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

முதலில் உறுமல் ஏறியது, எல்லாக் கார்களும் ஏறுவது போல. பிறகு ஒரு இடத்தில் அந்தச் சத்தம் கிழிந்தது. கிழிந்து, அதற்குள்ளிருந்து வேறு ஒரு குரல் வெளியே வந்தது. தெளிவான, இளவயசுக் குரல். அடித் தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே போய், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் நெஞ்செலும்பு அதோடு சேர்ந்து அதிர்ந்தது.

"இது யாரு?" என்று கத்தினாள் பார்வதி.

"இதான் ஆச்சி தாத்தா பூட்டுன என்ஜினு! அந்தக் கேமு வேகம் ஏறுனாத்தான் வாயத் தொறக்கும்!"

"இம்புட்டு வருசத்துல இந்தக் கொரல நான் கேட்டதே இல்லையே! என்ன ஏத்திட்டுப் போனா மாட்டு வண்டியில்ல ஓட்டுவாக!"

"கொறைக்கவா ஆச்சி?"

"கொறைக்காத."

அப்போது அவள் ஒன்று செய்தாள். முன்பின் தெரியாத ஆம்பிளை வீட்டுக்குள் வந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் செய்வது போல, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரிந்தது. கல்யாணத்தன்று உன்னை நிமிர்ந்து பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பார்வை.

தம்பி, இருமியது நீதான் என்றால், அன்று அந்தக் கண்மாய்க்கரையில் எங்களோடு வந்தது யார்? அந்தக் குரல் எனக்கும் பழக்கமில்லை. உன்னை வளர்த்த எனக்கும் உன்னோடு குடும்பம் நடத்திய அவளுக்கும் காட்டாமல், ஆளில்லாத மலைப்பாதையில் மட்டும் நீ திறந்துவிட்ட ஒரு ஆள் இருந்தானா? அவனை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பார்வதிக்கு அப்படி இல்லை போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்தால் தலைக்குப் பூ வைத்துக்கொள்கிறாள். யார் என்ன சொன்னாலும் எடுப்பதில்லை. நான் ஒன்றும் சொல்வதில்லை, கனகாம்பரம் வாங்கிக்கொண்டு போகிறேன்.

கயல் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டாள். இருமல் நின்றதும் குமரேசனுக்கு மீசை திரும்ப வந்துவிட்டது, வாரா வாரம் அவன்தான் ஓட்டுகிறான். கண்மாய்க்கரை வந்ததும் பார்வதி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். மாமாவுக்குப் பயந்தவன் இப்போது அத்தைக்குப் பயந்து மிதிக்கிறான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை அந்த வண்டியை எழுப்பிவிட்டு ஓடாமல் அணைக்க விடமாட்டேன். என்றைக்காவது அது மறுபடி இருமினால், அது நீதானா என்று காது வைத்துக்கொண்டு நிற்கமாட்டோம், அன்றைக்கே திறந்து பார்ப்போம். அவள் உன்னை மறந்துவிடுவாளோ என்று பயப்படாதே. அவள் இப்போதுதான் உன்னோடு பழக ஆரம்பித்திருக்கிறாள். குறுக்கே நிற்காமல், நான் பின்சீட்டில் இருந்துகொள்கிறேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் இருக்கிற அக்கா,
ராஜபாளையத்துக் கோமதி